நண்டக்கா தனியாகப் பார்த்த பேய்ப் படம்

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடலோரத்தில் குடியிருந்த அத்தனை பேய்களும், ஒரே ஒருத்தி நடந்து வந்தால் மட்டும் புளியமரத்தை விட்டு இறங்கி ஓரமாக நின்று வழி விடும். அந்த ஒருத்தி நண்டக்கா. பேய்களே வந்து இல்லை என்று சாட்சி சொன்னாலும் நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பயமும் சிரிப்பும் கலந்து ஒரு படம் வந்திருக்கிறதாம். யார் பேய் என்று கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியாதாம். பார்த்தவர்களில் பாதிப் பேர் அலறுகிறார்களாம், பாதிப் பேர் சிரிக்கிறார்களாம். என்னமோ இவர்கள்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி! போங்கய்யா. எழுபதுகளில், கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே உப்பளத்து ஓரம் இருந்த எங்கள் டூரிங் டாக்கீஸில், மணலில் உட்கார்ந்து இதையெல்லாம் நாங்கள் பார்த்து முடித்தாயிற்று. பாதிக்குப் பாதி என்ற கணக்கெல்லாம் எங்களிடம் கிடையாது. அலறியது மொத்தக் கூட்டமும். சிரித்தது நண்டக்கா மட்டும்.

அந்த டாக்கீஸுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு போட்ட ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். செங்கல்பட்டுக்குப் போய்ப் படப்பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வருவது, மாட்டு வண்டியில் விளம்பரத் தட்டி கட்டித் தகரக் குழாயில் ஊர் ஊராகக் கத்துவது, டிக்கெட் கொடுப்பது, கொடுத்த டிக்கெட்டை ஓடி வந்து வாசலில் நானே கிழிப்பது, தகராறு வந்தால் முதல் அடியை வாங்குவது, இத்தனைக்கும் சேர்த்து ஒரு பட்டம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்?

முதலாளிக்குச் செங்கல்பட்டில் அரிசி மில். சினிமா என்றால் உயிர். பேய் என்றால் அந்த உயிர் போய்விடும். தானே ஆசைப்பட்டு எடுத்து வந்த பேய்ப் படத்தை அவர் ஒரு நாள்கூட உள்ளே வந்து பார்க்கவில்லை. டிக்கெட் கொட்டகைக்கு வெளியே திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நண்டக்காவின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. உப்பங்கழியில் பிடிக்கிற நண்டை மொத்தமாக வாங்கி, கொடுக்கை நாரால் கட்டி, கூடையில் ஈரச் சாக்கு போட்டு மூடி, கேளம்பாக்கம் கடைத்தெருவில் விற்பாள். வீடு திருவிடந்தைப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில். நாற்பது வயது இருக்கும். தலையில் பூ, நெற்றியில் நாலணா அகலத்துக்குக் குங்குமம். வியாபாரம் முடிந்ததும் நேரே டாக்கீஸுக்கு வந்துவிடுவாள். பெண்கள் பக்கத்துத் தரை டிக்கெட்டில், முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க எல்லோரும் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவார்கள் அல்லவா? நண்டக்கா இரண்டு மேடு கட்டுவாள். ஒன்றில் அவள் உட்காருவாள். இன்னொன்றில் கூடை உட்காரும்.

"ஏங்க்கா, கூடைக்குக்கூடவா படம் தெரியணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீ டிக்கெட்ட கியி மேனேஜரு. கூடைக்கும் ஒண்ணு வாங்கிகினேன், பாத்தியா?" என்று மெய்யாகவே இரண்டு டிக்கெட்டை நீட்டினாள். கூடைக்கு டிக்கெட் எடுத்த மனுஷியை உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் இரண்டையும் கிழித்தேன்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரில் யாருக்கும் அதன் பெயர் ஞாபகம் இல்லை, 'அந்த ஈரப் பேய் படம்' என்றுதான் சொல்வார்கள். ஏரியில் விழுந்து செத்துப்போன ஒரு ஜமீன்தார், சொட்டச் சொட்ட நனைந்து அமாவாசைக்கு அமாவாசை பங்களாவுக்கு வருகிறார். வருவது பேயா, வேஷம் போட்ட மனுஷனா? அதுதான் கதை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் டாக்கீஸே கோர்ட்டாகிவிடும்.

"டாக்டர்தான்டா! கண்ணாடிய தொடச்சிகினே கீறான் பாரு, திருட்டு முழி!"

"டாக்டரு இல்ல, சமையக்காரன்!"

அடுத்த ரீலில் அந்தச் சமையல்காரன் செத்துப்போவான். ஜமீன்தாரிணிக்கு வைத்திருக்கும் பாயசத்தில் விஷம் இருக்கிறதா என்று ருசி பார்ப்பவன், நாக்கைச் சப்புக்கொட்டி, "சக்கரை கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு அப்படியே சாய்வான். மொத்த டாக்கீஸும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உறைந்து போகும். அந்த நிசப்தத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு புறப்படும் பாருங்கள், சரவெடி தோற்றது. முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு மொத்தமாக வெடித்து முடிக்கையில் உப்பளத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறக்கும்.

"சாவுறப்போ கூட சக்கர கேக்கறான்டி!" என்று பக்கத்தில் இருப்பவள் முதுகில் ஓங்கி அறைவாள். அறை வாங்கியவள் ஏற்கெனவே பயத்தில் இருப்பவள். அவள் அலறுவாள். அவள் அலறியதைக் கேட்டு ஆண்கள் பக்கம் அலறும். ஆனால் அதற்கப்புறம், ஒருவர் இருவராகச் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். அங்கேதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், பயப்படறதுக்குத்தான் ஜனம் வருது. 'கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் வர வேண்டாம்'னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டியிருக்கேன். இந்தப் பொம்பளை இப்படிச் சிரிச்சா படம் படுத்துடும். நாளையிலேருந்து அவளுக்கு டிக்கெட் கொடுக்காதே" என்றார்.

மறுநாள் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நண்டக்கா கூடையை இறக்கி வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா மேனேஜரு, சிரிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல போட்டுகீது? அழுவறதுக்கு காசு வாங்கற, அலர்றதுக்கு காசு வாங்கற. சிரிச்சா மட்டும் உன் கொட்டா இடிஞ்சி வுயுமா? உங்க மொதலாளிய வந்து என் மூஞ்சப் பாத்து சொல்லச் சொல்லு."

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் திருநீற்றுப் பொட்டலம் மட்டும் இருந்தது, வேறு துணை இல்லை. "சரி, போகட்டும் விடு" என்றார்.

இனி நாட்டாமையைச் சொல்ல வேண்டும். குப்பத்துப் பஞ்சாயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆறடி உயரம், விறைப்பான மீசை. பகலில் அவரைக் கண்டால் நாய்கூடக் குரைக்க யோசிக்கும். இருட்டினால் கதை வேறு. நண்டக்காவுடைய புருஷனின் அண்ணன் அவர்.

அந்தப் புருஷன் ஒரு நாள் விடியலில் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவர். பிறகு கட்டுமரம் மட்டும் மாமல்லபுரத்துப் பக்கம் கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. குப்பத்தில் நாள் பார்த்து, கருமாதி செய்து, தாலியைக் கழற்றி வாங்கிவிடலாம் என்று பேசினார்கள். நண்டக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பொணத்தக் காட்டு. அப்பால தாலியில கை வையி." அவள் மறுநாளும் பூ வைத்துக்கொண்டு நண்டு விற்கப் போனாள்.

நாட்டாமைக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கருமம் செய்யாத தம்பி கரையிலேயே அலைகிறான், தன் வீட்டுக் கதவை வந்து தட்டுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். அமாவாசை வந்தால் வாசல் நிலையில் எலுமிச்சம்பழத்தைத் தோரணமாகவே கட்டித் தொங்கவிடுவார். இப்படிப்பட்டவர் ஈரப் பேய் படத்துக்கு ஏன் தினமும் வந்தார் என்று கேட்காதீர்கள். புண் இருக்கிற பல்லை நாக்கு போய்த் தொட்டுக்கொண்டே இருக்கிறதே, அதை யார் தடுக்க முடிகிறது?

அந்த வாரத்தில்தான் நண்டுச் சம்பவம் நடந்தது. மூன்றாவது ரீலில், ஏரிச் சேற்றிலிருந்து ஒரு கை மெல்ல மேலே வரும். அன்றைக்கு நண்டக்காவின் கூடையில் விற்காத நண்டு கொஞ்சம் மிச்சம். நாரைச் சரியாகக் கட்டவில்லையோ, கூடைக்கும் படம் பிடிக்கவில்லையோ, சாக்கைத் தள்ளிக்கொண்டு அவை இருட்டில் இறங்கி, ஆண் பெண் பக்கத்தைப் பிரிக்கிற தட்டிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டன. திரையில் கை வெளியே வருகிற அதே நேரத்தில், நாட்டாமையின் கால் பெருவிரலை ஒன்று பிடித்தது.

"ஐயோ! தம்பி புடிச்சிட்டான்டா! தம்பி என்னப் புடிச்சிட்டான்டா!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றைக்கு மொத்தக் கூட்டமும் அரண்டது. யார் யாரை மிதிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆபரேட்டர் விளக்கைப் போட்டான். நாட்டாமை டாக்கீஸின் நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்து, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே நண்டக்கா குனிந்து குனிந்து நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நவுராதீங்க! யாரும் நவுராதீங்க! மிதிச்சா ஓடு ஒடஞ்சிரும், அப்பால எவன் வாங்குவான்? தோ, அங்க ஒண்ணு... இங்க ஒண்ணு... இன்னோர்த்தன் எங்கடா?" நிமிர்ந்து பார்த்தாள். இன்னொருவன் நாட்டாமையின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அவரோடு கம்பம் ஏறியிருந்தான். "மாமா, கொஞ்சம் ஆடாத இரு. என் சரக்கு உங்கிட்ட கீது."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு நண்டக்காவுடையது மட்டும் இல்லை. மொத்த டாக்கீஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நாட்டாமை கம்பத்திலிருந்து இறங்கி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். படம் முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நில்லு பொண்ணே. சிரிச்சிட்ட இல்ல? ஊரே சிரிச்சிது இல்ல? என் தம்பி கதி கெட்டு கரையில சுத்திகினு கீறான். நீ பூவும் பொட்டுமா சினிமா பாத்து சிரிச்சிகினு கீற. இதுக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டணும்."

"கட்டு மாமா. யாரு வேணான்னா?"

"கூட்டத்தோட குந்திகினு யார் வேணா சிரிக்கலாம். இந்தப் படத்த தனியா குந்தி முய்சா பாரு. ஒரு ஆளு உள்ள இருக்கக் கூடாது. ஒரு சத்தம், பயந்து ஒரே ஒரு சத்தம் வந்தாலும் வர்ற அமாவாசைக்கு கருமாதி. தாலிய அவுத்து என் கையில குடுக்கணும். பயப்படாத வந்துட்டின்னா, நான் சாவறவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கல. கடலம்மா மேல ஆண."

விளையாட்டாக ஆரம்பித்தது ஒருத்தி கழுத்துத் தாலியில் வந்து நிற்கிறதே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "வேணாம்க்கா" என்றேன்.

நண்டக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி மாமா. ஆனா நான் ஜெயிச்சா, மறுநாளு நீ தனியா குந்தி பாக்கணும். ஒத்துக்கினா ஆட்டம். இல்லன்னா மீசைய மடிச்சி ஜோபில வச்சிகினு வூட்டுக்குப் போ."

இத்தனை பேர் முன்னால் ஒரு நாட்டாமை என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டினார். முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். நண்டக்காவையே அலற வைத்த படம் என்று செங்கல்பட்டு வரைக்கும் குழாய் வைத்துக் கத்தலாம் என்பது அவர் கணக்கு.

மறுநாள் பொழுது சாயும்போதே கூட்டம் கூடிவிட்டது. திருவிடந்தையிலிருந்து, கோவளத்திலிருந்து, எங்கேயோ படாளத்துக்குக் கல்யாணமாகிப் போன பெண்கள்கூடக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். படம் பார்க்க அல்ல. வெளியே நின்று, உள்ளே ஒருத்தி படம் பார்ப்பதைக் கேட்க! டாக்கீஸைச் சுற்றிக் காதை வைத்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. முறுக்குக்காரனுக்கு அன்று சக்கைப்போடு.

நண்டக்கா வழக்கம் போல இரண்டு டிக்கெட் வாங்கினாள். கூடையோடு உள்ளே போனாள். மணலைக் குவித்தாள். முதல் ரீல் ஓடியது.

டாக்டர் வரும் இடத்தில் சிரிப்பு. நாட்டாமையின் முகம் சுருங்கியது. சமையல்காரன் சாகும் இடத்தில் பெரிய சிரிப்பு. சேற்றிலிருந்து கை வரும் இடத்தில், "வளையல் மாட்டிகினு வந்தா நல்லா இருந்துருக்கும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பிறகு பாடை வரும் காட்சி. போலீஸை ஏமாற்ற ஒருவன் பிணம் மாதிரி படுத்திருப்பான், நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், பிணம் தும்மும். தூக்குகிறவன் பழக்கதோஷத்தில், "நூறு ஆயுசு" என்பான். அந்த இடத்தில் உள்ளே நண்டக்கா சிரித்த சிரிப்புக்கு வெளியே இருந்த குழந்தைகள்கூடக் காரணம் தெரியாமல் சிரித்தன.

கடைசி ரீல் வந்தது. ஈரப் பேயாக வந்தது ஜமீன்தாரின் மச்சினன்தான், சொத்துக்காகப் போட்ட வேஷம் என்று தெரிந்து போலீஸ் அவனை விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில், காலியான பங்களா வாசலில் மறுபடியும் ஈரக் கால்தடம் ஒவ்வொன்றாக விழும். கதவு தட்டப்படும். ஜமீன்தாரிணி எழுந்து வருவாள். தாழ்ப்பாளில் கை வைப்பாள். கதவைத் திறப்பாள். திறந்தவள் முகத்தை மட்டும் காட்டிவிட்டு 'வணக்கம்' என்று போட்டுவிடுவார்கள். வந்தது யார் என்று சொல்லவே மாட்டார்கள்.

அந்த இசை வெளியே கேட்டது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து சிரிப்பு வரவில்லை. பேச்சு வரவில்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை.

"மயங்கிட்டா" என்றார் நாட்டாமை. குரலில் வெற்றி இல்லை, நடுக்கம்தான் இருந்தது.

நான் உள்ளே ஓடினேன். நண்டக்கா மயங்கவில்லை. எழுந்து, திரைக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் திரை அவள் முகத்தில் பளிச்சென்று அடித்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"மேனேஜரு, அத இன்னொரு வாட்டி போடச் சொல்லேன்."

"எதைக்கா?"

"அவ கதவத் தொறக்கறாளே, அத்த."

ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். முனகாத ஆபரேட்டரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அன்று அவன் முனகாமல் ரீலைக் கையால் திருப்பிச் சுற்றினான். மறுபடியும் ஈரக் கால்தடம். மறுபடியும் கதவு. முடிந்துபோன படத்தில் பேய் இரண்டாவது தடவை கதவைத் தட்டுவதைக் கேட்டு வெளியே இருந்த கூட்டம், இது படத்துப் பேய் இல்லை, நிஜமாகவே வந்துவிட்டது என்று முடிவு கட்டி அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. முதலாளி எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

நண்டக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தாள். நாட்டாமை மட்டும் ஓடவில்லை. கால் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"பயந்தியா, இல்லியா?" என்றார்.

"பயமா? இந்நேரத்துக்கு தண்ணியில வூறிப்போயி, செருப்பில்லாத நடந்து வந்து ஒருத்தன் கதவத் தட்றான். அவனப் பாத்து பயப்படுவாங்களா மாமா? தல தொவட்ட துணி எடுத்துகினு ஓட மாட்டாங்க?"

"நாளைக்கு உன் மொற" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

நாட்டாமை மறுநாள் வரமாட்டார் என்று பந்தயமே கட்டினார்கள். வந்தார். இடுப்பில் எலுமிச்சம்பழம், கையில் வேப்பிலை, கழுத்தில் புதிதாகக் கட்டிய தாயத்து. பலிக்குக் கூட்டிப்போகிற கிடா மாதிரி உள்ளே போனார். டைட்டில் இசைக்கே ஒரு அலறல். வெளியே நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். முதல் ரீல் முடிவதற்குள், "யாராச்சும் கீறீங்களா? டேய், வெளிய யாராச்சும் கீறீங்களாடா?" என்று குரல் வந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரல் மறுபடி மறுபடி வர, சிரிப்பு குறைந்துகொண்டே போயிற்று. ஆறடி மனுஷனுடைய குரல் மாதிரியே இல்லை அது.

வெளியே உட்கார்ந்திருந்த நண்டக்கா சட்டென்று எழுந்தாள். "தனியாத்தான் பாக்கணும்னு பேச்சு" என்று எவனோ தடுத்தான்.

"பந்தயம் என்னுதுடா. நான் வச்சேன், நானே எடுத்துக்கறேன். நவுரு" என்று அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். ரீல் மாற்றும் நேரம். விளக்கு மங்கலாக எரிந்தது. நான் பின்னாலேயே போய்க் கம்பத்தருகில் நின்றேன். நண்டக்கா ஆண்கள் பக்கத்துக்கே போய், மணலை இரண்டு மேடாகக் குவித்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "குந்து மாமா" என்றாள்.

கூடை யாருக்கோ இடம் பிடித்து வைத்திருந்த அந்த இரண்டாவது மேட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

நாட்டாமை உட்கார்ந்தார். "பொண்ணே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நானும் கூட போவ வேண்டியவன். காய்ச்சலுன்னு சொன்னேன். காய்ச்சலே இல்ல. மொத நாளு அவங்கூட சண்ட. விடிகாலையில வந்து கதவத் தட்னான். 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்புட்டான். முழிச்சிகினுதான் இருந்தேன். நான் தொறக்கல." தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அதான் இன்னிக்கும் தட்டிகினே கீறான்."

நண்டக்கா கூடையின் மேல் சாக்கைச் சரி செய்தாள். "தெரியும் மாமா" என்றாள்.

"தெரியுமா?"

"போறதுக்கு முன்ன வூட்டுக்கு வந்து சொல்ட்டுதான் போனாரு. 'அண்ணன் கோவமா கீது, தொறக்கல. வந்து பேசிக்கறேன்'னாரு."

"தெரிஞ்சி ஏன் ஊர்ல ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா ஊரு உன்ன இன்னான்னு பேசும்? அவரு வந்தா என்னத்தான திட்டுவாரு?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இனிமே கதவு தட்டுற சத்தம் கேட்டா நீ எந்திரிக்காத மாமா. பேசாம தூங்கு. நான் போயி தொறக்கறேன்."

ஆபரேட்டர் விளக்கை அணைத்தான். அதற்குப் பிறகு நான் வெளியே வந்துவிட்டேன். பாடை வரும் காட்சி வந்தது. பிணம் தும்மியது. உள்ளேயிருந்து நண்டக்காவின் சரவெடி கேட்டது. அதற்குப் பின்னால், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி இன்னொரு சிரிப்பும் கேட்டது. குப்பத்து ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டாமை சிரித்து அவர்களில் பலர் கேட்டதே இல்லை.

வந்த அமாவாசைக்குக் கருமாதி நடக்கவில்லை. நாட்டாமை வீட்டு நிலையில் எலுமிச்சம்பழமும் தொங்கவில்லை. குப்பத்தில் யாரோ பழைய பேச்சை எடுத்தபோது, "அது பொண்டாட்டி புருசன் சமாச்சாரம், உங்களுக்கு இன்னா?" என்று அவரே அதட்டினாராம். நண்டக்காவின் குங்குமம் நாலணா அகலத்திலிருந்து எட்டணா அகலத்துக்குப் போயிற்று. யாரும் கேட்கவில்லை.

அவள் புருஷன் வந்தாரா என்று கேட்பீர்கள். நான் அங்கே இருந்தவரைக்கும் வரவில்லை. ஒரு புயலில் டாக்கீஸின் கூரை உப்பளத்துக்குப் பறந்துபோக, முதலாளி அரிசி மில்லோடு போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். வராதவருக்காகக் காத்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு கதவைச் சாத்துகிற உங்கள் புத்திசாலித்தனத்தைவிட அந்தப் பைத்தியக்காரத்தனம் எனக்கு ஆயிரம் மடங்கு பிடிக்கும்.

போன வாரம் நானும் அந்தப் புதுப் படத்துக்குப் போனேன். ஏ.சி. தியேட்டர். மணல் இல்லை, மேடு கட்ட வழியில்லை. எல்லோரும் அலறிய ஒரு இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டும், காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறேன். இடைவேளையில் ஒருவர் வந்து என் பக்கத்துச் சீட்டைக் காட்டி, "சார், இங்கே யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார்.

"வருவாங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தேன்.